ஐ.டி. வேலை சரி... எந்த வேலை?

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி தாம்பரம் பக்கம் வந்தால், கடந்த முப்பது வருடத்து வேலைவாய்ப்பு வரலாறு ஸ்டேஷன் ஸ்டேஷனாக வரும். முதல் நிறுத்தம் பரனூர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம் அங்கே இறங்கி மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் போகிறது. இன்ஃபோசிஸ் வளாகமும் ரெனோ-நிஸானின் தொழில்நுட்ப மையமும் அங்கேதான். அடுத்து சிங்கப்பெருமாள் கோவில். அதற்கடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு கார் செய்துவந்த தொழிற்சாலை. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் முண்டியடித்து இறங்குவார்கள். கூடுவாஞ்சேரி நெருங்கும்போது, ஜி.எஸ்.டி. சாலையோரம் வல்லாஞ்சேரியில் ஜோஹோ இருக்கும் எஸ்டான்சியா வளாகம்.

கிழக்கே, கடலுக்கு இணையாக இன்னொரு கோடு: பழைய மாமல்லபுரம் சாலை. அரசாங்கம் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தும் ஜனங்களுக்கு அது ஓ.எம்.ஆர்.தான். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் என்று போய் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் முடிகிறது. சிறுசேரி சிப்காட்டில், உருகுவே நாட்டு கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஆட் வடிவமைத்த டி.சி.எஸ். வளாகம். களவாக்கத்தில், எச்.சி.எல். நிறுவனர் ஷிவ் நாடார் 1996-ல் தொடங்கிய எஸ்.எஸ்.என். கல்லூரி. 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, இவ்வளவும் ஒரே மாவட்டத்துக்குள் வந்து விழுந்தன.

ஆக, இந்த மாவட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு ஐ.டி. கம்பெனி புதிதல்ல. கோவளத்திலும் நெம்மேலியிலும் திருக்கழுக்குன்றத்திலும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது அந்த வளாகங்களுக்குள் கார் ஓட்டுகிறார், செக்யூரிட்டி வேலை பார்க்கிறார், கேன்டீனில் நிற்கிறார். மே மாதம் ரிசல்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?’ அது கிடைத்து, படித்து, வேலைக்கும் போய், அங்கே போய் என்ன வேலை செய்வது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. வாழ்க்கையை முடிவு செய்யப் போவதோ அதுதான்.

இஞ்சினியரிங் கவுன்சலிங் சமயத்தில் பிரவுசிங் சென்டர்களில் நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கணிதம் நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என்று கூட்டி இருநூறுக்கு ஒரு கட்-ஆஃப். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அப்பா நிற்பார். பக்கத்தில் மகள். கணினியைத் தட்டும் பையன், “சார், இந்த காலேஜ்ல சி.எஸ். போயிடுச்சு. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் இருக்கு, சைபர் செக்யூரிட்டி இருக்கு. எது போடட்டும்?” என்பான். அப்பா மகளைப் பார்ப்பார். மகள் அப்பாவைப் பார்ப்பாள். “ஸ்கோப் எதுக்குப்பா இருக்கு தம்பி?” என்று கடைசியில் அந்தப் பையனையே கேட்பார். அவன் சொல்வது சாய்ஸ் பட்டியலில் ஏறும். ஒதுக்கீடு வந்தபின், கிடைத்ததை ஏற்றுக்கொள்வதா, ‘அப்வேர்டு’ கொடுத்து மேலே இருப்பதற்குக் காத்திருப்பதா என்று இன்னொரு நாள் பதற்றம்.

இந்தப் பெயர் மயக்கத்தைக் கொஞ்சம் கலைத்துவிடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், டி.சி.எஸ். பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என எந்தப் பெயரானாலும் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க். இந்த ஐந்தும் ஒழுங்காகத் தெரிந்தவரிடம் எந்த இன்டர்வியூவிலும் பட்டச் சான்றிதழில் இருக்கும் பிரிவின் பெயரைப் பெரிதாகக் கேட்பதில்லை. புதுப் பெயர் வைத்த பிரிவில் பாடம் நடத்த அந்தக் கல்லூரியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. என்னைக் கேட்டால், நல்ல கல்லூரியில் இ.சி.இ. கிடைத்தால், சுமாரான கல்லூரியின் பளபளப்பான ஏ.ஐ. பிரிவைவிட அதையே எடுக்கலாம்.

சரி, அந்த வளாகத்துக்குள் என்னதான் நடக்கிறது? எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை மணி பதினொன்று. ஸ்லீப்பர் தட்கல் திறக்கிறது. செங்கல்பட்டில் ஒருவர் மதுரைக்கு டிக்கெட் போடுகிறார். அதே நொடியில் அதே ரயிலுக்கு நூற்றுக்கணக்கானவர்கள்.

அவர் பார்க்கும் திரையை, பொத்தானை, பெயர் எழுதும் கட்டத்தை உருவாக்கியவர் ஃபிரன்ட் எண்ட் டெவலப்பர். பொத்தானை அழுத்தியதும் கோரிக்கை சர்வருக்குப் போகிறது. அங்கே ரயில், தேதி, கட்டணம், கோட்டா எல்லாவற்றையும் சரிபார்க்கும் நிரலை எழுதியவர் பேக் எண்ட் ஆள். மிச்சம் ஒரே ஒரு பெர்த். இருவர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இருவருக்கும் ‘கன்ஃபர்ம்’ என்று வந்துவிட்டால் ரயிலில் அடிதடி. முதல் ஆளின் கணக்கு முடியும்வரை இரண்டாம் ஆள் அந்த பெர்த்தைத் தொட முடியாதபடி பூட்டி வைப்பது டேட்டாபேஸின் பொறுப்பு. அதை அப்படி வடிவமைத்துப் பராமரிக்க ஒருவர் வேண்டும். பணம் வங்கியில் கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை. பேமென்ட் பகுதியைப் பார்க்கும் குழு அந்தப் பணத்தைத் திருப்பியாக வேண்டும். மனிதர்களுக்கு முன்னால் டிக்கெட்டுகளை அள்ளிப்போகும் கள்ள மென்பொருளை அடையாளம் கண்டு தடுப்பவர் செக்யூரிட்டிக்காரர். பதினொரு மணிக் கூட்டத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே பொய்யாக லட்சம் கோரிக்கைகளை அனுப்பிப் பார்ப்பவர் டெஸ்டர். புது நிரலை நள்ளிரவில், யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிட்டு, விடியும்வரை விழித்திருப்பவர் டெவ் ஆப்ஸ். “டிக்கெட் வரலை சார்” என்ற புகாரை முதலில் எடுப்பவர் எல்-1 சப்போர்ட். அவரால் முடியாதது எல்-2, எல்-3 என்று மேலே போகும். இந்த எல்லோருக்கும் என்ன தேவை என்பதை ரயில்வேயிடம் கேட்டு எழுதித் தருபவர் பிசினஸ் அனலிஸ்ட். அவருக்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கோட்டா, காத்திருப்போர் பட்டியல், சார்ட் தயாரிப்பு எல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டிக்கெட்டுக்குப் பின்னால் இத்தனை பேர். வெளியிலிருந்து பார்க்கும் சித்தப்பாவுக்கு எல்லாரும் ‘ஐ.டி.யில இருக்காங்க’. உள்ளே இவர்களின் நாட்கள் வேறு, இரவுகள் வேறு, பத்து வருடம் கழித்து நிற்கும் இடமும் வேறு. தனியாக உட்கார்ந்து ஒரு சிக்கலை நாள் முழுக்கக் குடையப் பிடித்த பெண்ணை வாடிக்கையாளர் அழைப்பில் உட்கார வைத்தால் இரண்டே மாதத்தில் நொந்துபோவாள். நாலு பேரோடு பேசிக்கொண்டே இருக்கப் பிடித்தவனை டேட்டாபேஸ் பக்கம் தள்ளினாலும் அதே கதிதான்.

மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு இந்தத் தேர்வைப் பெரும்பாலும் கம்பெனியே செய்கிறது. கேம்பஸ் இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர், சில மாதக் காத்திருப்பு, பயிற்சி, பிறகு புராஜெக்டுக்குக் காத்திருக்கும் ‘பெஞ்ச்’. புராஜெக்ட் வரும்போது ஆள் தேவைப்படும் இடத்தில் உட்கார வைப்பார்கள். ஜாவா படித்தவன் மெயின்ஃபிரேமுக்குப் போவான். டி.சி.எஸ்.ஸின் ‘நிஞ்சா’ பிரிவில் ஆண்டுச் சம்பளம் 3.36 லட்சம், அதாவது பிடித்தங்களுக்கு முன் மாதம் 28,000 ரூபாய். கடினமான தேர்வில் தேறுபவர்களுக்கு ‘டிஜிட்டல்’, ‘பிரைம்’ என்று அதே கம்பெனியில் இதைவிட இரண்டு மூன்று மடங்குச் சம்பளத்தில் தனிக் கதவுகள் உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன் சேர்ந்தவரின் தொடக்கச் சம்பளத்துக்கும் இந்த நிஞ்சா சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாவலூர் வாடகை அப்படி நிற்கவில்லை.

சர்வீஸ் கம்பெனிக்குப் போகாதே என்று சொல்ல வரவில்லை. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்து, திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. முடித்து, 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்த என். சந்திரசேகரன் 2009-ல் அந்தக் கம்பெனிக்கே தலைமை அதிகாரி, 2017-ல் டாடா சன்ஸ் தலைவர். அந்தக் கதையைப் பள்ளி விழாக்களில் சொல்பவர்கள் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அவர் சேர்ந்தபோது அந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு. இன்று டி.சி.எஸ்.ஸில் மட்டும் ஆறு லட்சம் பேருக்கு அருகில். 2025 ஜூலையில் அந்த நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. அடி விழுந்தது பெரும்பாலும் நடு அடுக்கிலும் மேல் அடுக்கிலும் இருந்தவர்களுக்கு. ‘உள்ளே போயிட்டா செட்டில்’ என்ற நம்பிக்கைக்கு சிறுசேரியில் அந்த வருடம் நல்ல குலுக்கல்.

இன்னொரு வாசல் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் பெயர் மாறிய ஜோஹோ, அதற்குச் சில வருடங்கள் முன்பே, பட்டம் இல்லாதவர்களை எடுத்துத் தானே பழக்கினால் என்ன என்று யோசித்தது. ஆறு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். ‘ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்’ அப்படித்தான் ஆரம்பமானது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். புரோகிராமிங், கணிதம், ஆங்கிலம் என்று வகுப்பு, பிறகு கம்பெனிக் குழுக்களோடு உட்கார்ந்து வேலை. தொழில்நுட்பத்துக்கு ஒரு பள்ளி, வடிவமைப்புக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று. ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் அரசியல் கருத்துகளோடு யாருக்கு எத்தனை பிணக்கு இருந்தாலும், பட்டம் என்ற தாளுக்கும் நிரல் எழுதும் திறமைக்கும் உள்ள சம்பந்தத்தை இருபது வருடமாகச் சோதித்துக் காட்டிய இடம் இது. பத்தாம் வகுப்போடு நின்று அங்கே செக்யூரிட்டியாக இருந்த ஒருவர், மூத்த ஊழியர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, வேலை முடிந்த நேரத்தில் நிரல் எழுதப் பழகி அங்கேயே டெவலப்பர் ஆன கதை 2021-ல் நாடு முழுக்கப் பரவியது. ஆயிரத்தில் ஒருவர் கதைதான். ஆனாலும், முகவரி இங்கேதான்.

எச்.சி.எல்.லின் ‘டெக் பீ’ திட்டமும் இதே வயதுப் பிள்ளைகளுக்குத்தான். கணிதம் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் பயிற்சி பெற்று வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டமும் படிக்கலாம். விப்ரோ பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து எம்.டெக். படிக்க வைக்கிறது. இஞ்சினியரிங் கிடைக்காமல் பி.சி.ஏ. சேர்ந்த பிள்ளையைக் கல்யாண வீட்டில் ‘பாவம்’ போலப் பார்ப்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டால் நல்லது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நான் முதல்வன், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று 2022 முதல் வந்த அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. இதில் எதையுமே கேள்விப்படாமல், வட்டிக்கு வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கும் குடும்பங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

மறைமலை நகருக்கு மறுபடி வருவோம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. ஷாப் ஃப்ளோர் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், சோழிங்கநல்லூரில் அதே ஃபோர்டின் தொழில்நுட்ப, வணிகச் சேவை மையம் ஓடிக்கொண்டிருந்தது. 2024-ல் அந்த நிறுவனமே சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் அத்தகைய வேலைகளில் 12,000 பேர். கார் செய்யும் இடம் மூடியது, காரைப் பற்றிய மென்பொருளும் கணக்கும் எழுதும் இடம் மூடவில்லை.

வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் இத்தகைய மையங்களை ஜி.சி.சி. என்கிறார்கள். வங்கி, மருந்து, கார், சில்லறை வணிகம் என எல்லாத் துறைக்கும் உண்டு. இங்கே ஜாவா தெரிந்தால் மட்டும் போதாது. கார் கம்பெனியில் சப்ளை செயின் எப்படி ஓடுகிறது, உதிரிபாகம் எங்கே தேங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டு ‘தப்பு பண்ணிட்டோம்’ என்று புலம்பி, பைதான் கோர்ஸுக்கு ஓடும் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும். படித்த மெக்கானிக்கலை வைத்துக்கொண்டே பைதான் கற்றவனுக்கு பரனூரில் வேலை இருக்கிறது. மெக்கானிக்கலைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவன், பைதான் மட்டும் தெரிந்த இன்னொரு கூட்டத்தின் வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிறான்.

நிரலே எழுதாத ஐ.டி. வேலையும் சிறுசேரியில் பெருகிவருகிறது. சிஃபி, அதானி-கனெக்ஸ் போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் அந்த சிப்காட்டில் இருக்கின்றன. ஒரு டேட்டா சென்டர் என்பது ஓயாமல் சூடாகும் இயந்திரங்கள் நிறைந்த பெரிய கூடம். அதற்கு இரட்டை மின் இணைப்பு, யு.பி.எஸ்., ஜெனரேட்டர், இரவு பகலாகக் குளிரூட்டும் அமைப்பு, தீத் தடுப்பு, கேபிள், நெட்வொர்க் எல்லாம் வேண்டும். ஒரு நிமிடம் மின்சாரம் தடுமாறினால் எங்கோ ஒரு வங்கியின் ஆப் நின்றுபோகும். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோக்காரர்களுக்கும் ஏ.சி. மெக்கானிக் படித்த ஐ.டி.ஐ. பையன்களுக்கும் இது கௌரவமான வாசல். ஆனால் அங்கே வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கை, கட்டடத்தின் பிரம்மாண்டத்தோடு பார்த்தால் மிகக் குறைவு. டேட்டா சென்டர் வந்தால் ஊரே பிழைத்துவிடும் என்று யாராவது மேடையில் பேசினால், கைதட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஏ.ஐ. எல்லா வேலையையும் சாப்பிட்டுவிடுமா என்பதுதான் இப்போது பெற்றோர்களின் பெரிய பயம். 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வந்த பிறகு, புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கொடுக்கும் சில்லறை வேலைகளை இயந்திரமே செய்யத் தொடங்கியிருக்கிறது: ஒரு படிவம் எழுதுவது, டெஸ்ட் ஸ்கிரிப்ட் போடுவது, பழைய நிரலை வேறு மொழிக்கு மாற்றுவது. அந்தச் சில்லறை வேலைகளில்தான் ஒருவன் தொழில் கற்றான் என்பது இதில் பெரிய சிக்கல். இனி அந்தக் கற்றல் கல்லூரியிலேயே நடந்தாக வேண்டும். இயந்திரம் எழுதித் தந்த நூறு வரியில் எந்த வரி தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மவுசு கூடும். அதை அப்படியே ஒட்டி அனுப்புகிறவருக்கு இடம் குறையும். தட்கல் கதையில் வந்த ஒரே பெர்த், இரண்டு பேர் விவகாரத்தை இயந்திரம் தந்த நிரல் கையாள்கிறதா என்று பார்க்க, டேட்டாபேஸ் பூட்டு என்றால் என்ன என்று தெரிந்த ஆள் வேண்டும்.

கல்லூரியில் அந்தக் கற்றல் நடக்கிற லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசி வருட புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவது இங்கே ரகசியமே இல்லை. புராஜெக்ட் சென்டர்களில் தலைப்பு, நிரல், ரிப்போர்ட், வைவாவுக்கு ஒரு மணி நேர விளக்கம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. வருடா வருடம் அதே நூலக மேலாண்மை, அதே முக அடையாள வருகைப் பதிவேடு. இன்டர்வியூவில் எதிரே உட்காருபவர் அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே சிரித்துக்கொள்வார். “இதுல நீங்க எழுதுனது எந்தப் பகுதி?” என்ற ஒரே கேள்வியில் பலருக்கு வாய் அடைத்துவிடும்.

கடற்கரையில் இருந்துகொண்டு தலைப்புக்கு அலைவானேன்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலி மீனவருக்கு அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி, சர்வதேச எல்லை நெருங்கும் எச்சரிக்கை எல்லாம் தமிழில் தருகிறது. அதற்கான கடல் தகவல் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து வருகிறது. கோவளம் குப்பத்தில் நாலு பேரிடம் அந்தச் செயலியைப் பற்றிக் கேட்டு, சிக்னல் இல்லாத இடத்தில் அது என்ன செய்கிறது, எதைப் படிக்க முடியவில்லை, எது கூடுதலாக வேண்டும் என்று எழுதி, அதில் ஒரே ஒரு சிறு பகுதியைச் செய்து பார்த்த மாணவி, பிசினஸ் அனலிஸ்ட், டெவலப்பர், டெஸ்டர் என மூன்று வேலைகளையும் தொட்டுவிட்டிருப்பாள். மூன்றில் எது தனக்குப் பிடித்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்டர்வியூவில் பேசவும் விஷயம் இருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழியில் படித்தவர்கள் பேச்சைக் கண்டு அஞ்சி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் காசைக் கொட்டுகிறார்கள். வேலையில் பாதிக்கும் மேல் எழுத்துதான். மெயில், டிக்கெட், டிசைன் குறிப்பு. என்ன பிழை, எப்போது வருகிறது, என்ன செய்தால் மறுபடி வரும் என்று நாலு வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு உச்சரிப்பு பெரிய தடையே அல்ல. அதை வீட்டிலிருந்தே பழகலாம்.

வேலை கிடைக்காத ஓரிரு வருடம் மிக ஆபத்தான காலம். “பணம் கட்டுங்க, பேக்டோர்ல போட்டுத் தர்றோம்” என்று வருகிற அழைப்புகள் அப்போதுதான். ஒன்றிரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, பெயர் கேள்விப்படாத கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கொடுத்து, மூன்று மாதம் சம்பளம்போலக் கொஞ்சம் போட்டு, பிறகு போர்டையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலைக்குப் பணம் கேட்காது. பொய் அனுபவச் சான்றிதழும் இதே வகைதான்; பேக்ரவுண்ட் சரிபார்ப்பில் மாட்டினால் வேலையும் போகும், அடுத்த இடத்திலும் கதவு சாத்தும்.

உள்ளே போனவர்கள் தடம் மாறுவது முதல் ஐந்து வருடத்தில் நடந்தால் எளிது. சப்போர்ட்டில் உட்காரவைத்துவிட்டார்களா? வருகிற புகார்களில் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்து, அது ஏன் வருகிறது என்று எல்-3 ஆளிடம் போய்க் கேட்டுத் தோண்டுகிறவர் இரண்டு வருடத்தில் டெவலப்மென்ட்டுக்கு நகர்ந்துவிடுகிறார். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு அப்ரைசலுக்குக் காத்திருப்பவர் அதே இருக்கையில் இருக்கிறார். பெண்களுக்கு இந்த ஐந்து வருடம் இன்னும் சுருக்கம். கல்யாணம், குழந்தை, நைட் ஷிப்ட் கேப் எல்லாம் அதே காலத்தில் வந்து நிற்கின்றன. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவரைப் பழைய புராஜெக்டில் இடமில்லை என்று பெஞ்சில் உட்கார வைப்பது எழுதப்படாத வழக்கமாகப் பல இடங்களில் இருக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களை எடுக்கத் தனித் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. கேட்டுப் பார்க்காமல் தெரியாது.

முப்பது வயதுக்கு முன்பே பலர் செய்கிற இன்னொரு காரியம், படூரிலோ தாழம்பூரிலோ ஒரு ஃபிளாட் புக் பண்ணுவது. இருபது வருட இ.எம்.ஐ. தொடங்கியதும் வேலையைப் பற்றிய எல்லா முடிவும் வங்கியின் கையில் போகிறது. டெஸ்டிங்கிலிருந்து டேட்டாவுக்கு மாறினால் முதல் வருடம் சம்பளம் குறையும் என்றால், மாற முடியாது. சின்ன கம்பெனியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று தெரிந்தாலும் போக முடியாது. மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினாலும் பேப்பர் போட முடியாது. ஊரில் அப்பா ‘வீடு வாங்கியாச்சா?’ என்று கேட்பார், அது வேறு அழுத்தம். வாடகை வீட்டில் இன்னும் நாலு வருடம் இருந்துவிட்டு, அதற்குள் எந்த வேலை தன் வேலை என்று தேறிய பிறகு ஃபிளாட் வாங்கலாம். ஓ.எம்.ஆரில் கட்டி முடித்து ஆள் வராத ஃபிளாட்டுகள் அப்போதும் இருக்கும்.